உட்கார ஒரு நாற்காலி, கூடவே ஒரு ‘ஆன்’

நேயர்களுக்கு வணக்கம். ‘உட்கார ஒரு நாற்காலி’ என்பதை மனசுக்குள்ளேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘எ சேர் டு சிட்’ என்று வந்ததா? நம்மில் பலருக்கும் அப்படித்தான் வரும். கடைசியில் ஒரு சொல் குறைகிறது: ‘எ சேர் டு சிட் ஆன்’. இந்த ‘ஆன்’ ஏன் நம் வாயில் தங்குவதில்லை?

தமிழ்ப் பெயரெச்சம், அதாவது ‘உட்கார்ந்த’, ‘எழுதிய’ போலப் பெயருக்கு முன்னால் நிற்கும் வினை, செய்யும் வேலை அது. ‘நாற்காலியில் உட்கார்ந்தேன்’ என்பதைத் திருப்பினால் ‘நான் உட்கார்ந்த நாற்காலி’. ‘இல்’ உதிர்ந்துவிட்டது. ‘பேனாவால் எழுதினேன்’, ‘நான் எழுதிய பேனா’. ‘ஆல்’ போயிற்று, போனதே தெரியவில்லை. இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுக்கும் பெயரெச்சம் ஒன்றுபோல நிற்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. உருபு இல்லாமலே பொருள் விளங்கிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் உருபின் வேலையைச் செய்யும் ‘ஆன்’, ‘வித்’ போன்ற ப்ரெபோசிஷன் எங்கேயாவது நின்றே ஆகவேண்டும்.

எங்கே? வினைக்குப் பின்னால் நிற்கலாம்: ‘எ பென் டு ரைட் வித்’. இல்லையென்றால் ‘விச்’சைக் கூட்டிக்கொண்டு முன்னால் வரலாம்: ‘எ பென் வித் விச் டு ரைட்’. முதலாவது பேச்சு நடை, இரண்டாவது எழுத்து நடை.

சறுக்குவது இரண்டையும் கலக்கும்போதுதான். ‘எ பென் விச் டு ரைட் வித்’ என்று ‘விச்’சை மட்டும் முன்னால் இழுத்து, ‘வித்’தைப் பின்னால் விட்டால் தவறு. ‘தி பென் விச் ஐ ரோட் வித்’ சரிதானே என்பீர்கள். சரிதான், அங்கே ‘ஐ ரோட்’ என்று எழுவாயும் காலம் காட்டும் வினையும் இருக்கின்றன. ‘டு’ வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. ‘விச்’ ஒரு ப்ரெபோசிஷனின் தோளில் ஏறித்தான் வரும். அதனால்தான் ‘எ புக் விச் டு ரீட்’ என்பதும் தவறு. ஏறத் தோள் இல்லை. ‘எ புக் டு ரீட்’ போதும். இன்னொரு பிழை, ‘எ சேர் ஆன் விச் டு சிட் ஆன்’. ஒரு நாற்காலிக்கு இரண்டு ‘ஆன்’ எதற்கு?

ஐயம் வந்தால் முழு வாக்கியமாக்கிப் பாருங்கள். ‘ரைட்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பேனாவென்றால் ‘ரைட் வித் எ பென்’, ஆகவே ‘டு ரைட் வித்’. தாளென்றால் ‘டு ரைட் ஆன்’. தலைப்பென்றால் ‘டு ரைட் அபௌட்’. கடிதமென்றால் வெறும் ‘டு ரைட்’, ஏனென்றால் எழுதப்படுவதே அதுதான். பெயர்ச்சொல்லை எடுத்து முன்னால் வையுங்கள், ப்ரெபோசிஷனைத் தொடாதீர்கள். மறுபடி சொல்கிறேன், பெயர் மட்டும்தான் இடம் மாறுகிறது.

ப்ரெபோசிஷனில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், காலமாகி 35 ஆண்டுகள் ஆகியிருந்த நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியொன்றில் இதைக் குற்றமாகக் காட்டினார். பிறகு தம்முடைய பழைய கட்டுரையையே எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் நின்ற ப்ரெபோசிஷன்களைத் திருத்தி 1684இல் மறுபதிப்பாக்கினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், முன்னால் வைப்பதே அழகு என்றார். ஆனால், பின்னால் வைப்பதைப் பற்றி ‘நம் மொழி இந்த வழக்கை மிகவும் நாடுகிறது’ என்று அவர் எழுதிய அந்த வாக்கியப் பகுதி முடிவது எதில் தெரியுமா? ‘இன்க்ளைன்ட் டு’. தெரிந்தே குறும்பு செய்தாரோ என்னவோ! ஆகவே ‘எ ஃப்ரெண்ட் டு டாக் டு’ என்று கூசாமல் சொல்லுங்கள். ‘டு டாக்’ என்று நிறுத்தினால் பேசப்போவது நண்பர் என்று பொருள் மாறிவிடும்.

கடிகாரம் என்னை முறைக்கிறது, மீதியை வேகமாக. ஆளென்றால் முன்னால் ‘டு ஹூம்’, ‘வித் ஹூம்’; ‘ஹூ’வும் ‘தட்’டும் அந்த இடத்தில் வராது. ‘லுக் ஆஃப்டர்’ போல வினையோடு ஒட்டிப்போனதைப் பிரிக்காதீர்கள்: ‘எ சைல்ட் டு லுக் ஆஃப்டர்’ மட்டும்தான். ‘பிளேஸ்’ என்ற சொல்லுக்கு விலக்கு உண்டு. ‘எ பிளேஸ் டு லிவ்’ சரி, ‘எ ஹவுஸ் டு லிவ்’ ஆகாது, ‘இன்’ வேண்டும். ‘ஐ டோன்ட் நோ விச் டு பை’ சரியாயிற்றே என்றால், அந்த ‘விச்’ வினாச்சொல். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வணக்கம்.