துணி போர்த்திய ஆம்ப்ளிஃபயர்

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது, "வாங்கிப் பத்து வருஷம்தானே ஆச்சு!" எத்தனை வருஷம் என்பதை நான் அவ்வளவாகக் கேட்பதில்லை. எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

போன ஐப்பசியில் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தார். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம். மூடியைக் கழற்றினால் ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை. பவர் சப்ளையில் கரண்டைத் தேக்கி வைத்துத் தரும் பாகமான பெரிய கண்டென்சர் ஒன்று மேலே அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. "தூசி படக் கூடாதுன்னு பூ வேலை செஞ்ச துணி போட்டு மூடியே வச்சிருந்தேன் தம்பி" என்றார். போச்சு, அதுதான் வினை. மேல்மூடியில் இருக்கும் துளைகள் சூடு வெளியேறத்தானே!

அந்தக் கண்டென்சருக்குள் ஒரு திரவம் உண்டு. சூட்டில் அது மெல்ல வற்றும். உடம்பிலேயே 85 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால் 55 டிகிரியில் 16,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்டால் பதினோரு வருஷம் வரும். துணியைப் போட்டுச் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றிவிட்டால் ஐந்தரை வருஷம்தான்.

சூட்டுக்கு அடுத்தது ஈரம். நம் பக்கத்து அடைமழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் பதினைந்து வருஷத்துக்குள் ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்துவிடுவதுதான் அதிகம். ரப்பர் வளையம் இன்னும் நாள் தாங்கும். காந்தமும் காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டேப் ரெக்கார்டர் பெல்ட் வெல்லப்பாகாக இளகி ஒட்டிக்கொள்ளும். வேதாரண்யம் பக்கத்துச் செட்டுகளில் உப்புக் காற்று பட்டுச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். வால்யூம் திருப்பும்போது கரகரப்பது பெரிய நோய் இல்லை, கிளீனர் அடித்து நாலு திருப்புத் திருப்பினால் அநேகமாகச் சரியாகிவிடும். சும்மா கிடக்கும் செட்டுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். இடி இடித்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு என் கடை நிறைய நனைந்த செட்டுகள். காயவிட்டுக் கொண்டுவந்தவர்களுடையதில் பாதியையாவது தேற்ற முடிந்தது. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் போர்டே கருகியது. இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் கரண்ட் தேங்கி நிற்கும், கை வைத்தால் உதறிவிடும்.

வாத்தியாருக்கு இரண்டு கண்டென்சர் மாற்றிக் கொடுத்தேன். ரீங்காரம் நின்றது. இனிமேல் துணி போடக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன், தலையாட்டினார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் மேல் துணி இல்லை. செட்டாப் பாக்ஸ் மேல் போர்த்தியிருந்தார்.