பக்கத்து சீட்ல இருக்கிறது யாரு? 'ரிவர்' சீரிஸ் ஏன் பாக்கணும்

(கறுப்புத் திரை. கார் இன்ஜின் சத்தம் மட்டும்.)

லண்டன்ல ஒரு ராத்திரி. கார்ல ரெண்டு போலீஸ். ஓட்டுறவர் உம்முன்னு இருக்கார். பக்கத்து சீட்ல இருக்கிற பெண், பழைய டிஸ்கோ பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே அவரையும் பாடச் சொல்லி வம்பிழுக்குறாங்க. ரொம்ப வருஷப் பழக்கம்னு பாத்தாலே தெரியுது.

இனிமே நான் சொல்லப்போறது முதல் எபிசோட்லயே உடைஞ்சிடுற விஷயம்தான். ஆனா எதுவும் தெரியாமப் பாக்கணும்னா இங்கேயே வீடியோவ நிறுத்திட்டுப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

(ரெண்டு விநாடி அமைதி.)

இருக்கீங்களா? சரி. ஒரு கட்டத்துல அந்தப் பெண் திரும்பி நடக்குறாங்க. கேமரா பின்தலையக் காட்டுது. அங்க குண்டு பாய்ஞ்ச காயம். அவங்க ஏற்கெனவே செத்துட்டாங்க. இவ்வளவு நேரம் அந்த மனுஷன் தனியாத்தான் பேசிட்டு இருந்திருக்கார்.

இதுதான் 'ரிவர்'. 2015ல பிபிசி ஒன்ல வந்தது. அபி மார்கன் எழுத்து. ஒரே சீசன், ஆறே எபிசோட். கார் ஓட்டுன இன்ஸ்பெக்டர் ஜான் ரிவர் வேஷத்துல ஸ்வீடன் நடிகர் ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட், செத்துப்போன அவரோட பார்ட்னர் ஸ்டீவி வேஷத்துல நிக்கோலா வாக்கர்.

உடனே பேய்க் கதையான்னு கேப்பீங்க. இல்லங்க. ஆவி வந்து கொலைகாரன் பேரச் சொல்லிட்டுப் போற சமாச்சாரமே இங்க கிடையாது. ரிவர் மனசுக்கு எட்டினதுதான் அவர் பாக்குற ஸ்டீவிக்கும் எட்டும். ஸ்டீவியக் கொன்னது யாருன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கிற ஸ்டீவிகிட்ட கேட்டா பதில் வராது. தோண்டத் தோண்ட, அவங்க இவர்கிட்ட சொல்லாம வச்சிருந்த குடும்பத்துக் கதையெல்லாம் மேல வருது. தினமும் கூட இருந்தவங்கள நமக்கு எவ்வளவு தெரியும்? கொலைகாரன் யாருங்கிறதவிட எனக்கு அந்தக் கேள்விதான் பெருசாப் பட்டது.

ரிவர் கண்ணுக்குத் தெரியுற இன்னொரு ஆள் தாமஸ் கிரீம். இவன் நிஜமாவே வாழ்ந்தவன். விக்டோரியா ராணி காலத்துல லண்டன் பெண்களுக்கு ஸ்ட்ரிக்னின் விஷம் கொடுத்துக் கொன்ன டாக்டர். 1892ல தூக்குல போட்டாங்க. ரிவர் அவனப் பத்தின புத்தகத்தப் படிக்கிறார், அவன் வந்து தலைக்குள்ள உக்காந்துக்குறான். எடி மார்சன் நல்லாத்தான் நடிச்சிருக்கார், ஆனா அந்தக் காட்சிகள்ல மேடை நாடக வாசம் கொஞ்சம் தூக்கல். நடுவுல விசாரணையும் இழுவைதான், மறைக்கல.

அதெல்லாம் பொறுத்துக்க வைக்கிறது ஐரா. புதுசா வர பார்ட்னர், அடீல் அக்தர் பண்ணியிருக்கார். ரிவர் காத்துகிட்ட பேசுறது தெரிஞ்சும் கேலி பண்ணாமக் கூட நிக்கிற மனுஷன். சீரிஸ்ல சிரிப்பு வர இடமெல்லாம் பெரும்பாலும் இவர் புண்ணியம்.

இவ்வளவு நல்ல சீரிஸ் ஏன் பலருக்குத் தெரியல? பேரும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். வெறும் 'ரிவர்'னு தேடினா நதி போட்டோவா வந்து குவியும். கூடவே 2015ன்னு போட்டுத் தேடுங்க.

அந்த டிஸ்கோ பாட்டு, 1976ல டினா சார்ல்ஸ் பாடினது, கடைசி எபிசோட்ல திரும்ப வரும். எப்படி வருதுன்னு சொல்ல மாட்டேன். முடிச்ச கையோட முதல் கார் காட்சிய இன்னொரு தடவ ஓடவிட்டு, அந்தப் பக்கத்து சீட்ட மட்டும் கவனிங்க.

(பாட்டு இல்லாம, கார் சத்தத்தோட திரை இருளுது.)