தேனீ கண்ணுக்கு வட்டமும் முக்கோணமும்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு நிமிஷம் எல்லாரும் கையை நேரா நீட்டி கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்க, பின்னாடி இருக்கிற பிள்ளைங்களும்தான். அந்த விரலோட அகலம் இருக்கே, ஏறக்குறைய அதுதான் தேனீக்குத் தெளிவா தெரியிற சின்ன அளவு, அதைவிடப் பொடி கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிரும். ஒரு கண்ணுல சுமார் 5,000 குட்டி லென்ஸ், சிவப்பு தெரியாது, புற ஊதா தெரியும்.

இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு உருவத்தை எப்படி அடையாளம் காணுது? 1930ஐ ஒட்டி பெர்லின்ல மத்தில்டே ஹெர்ட்ஸ்னு ஒரு அம்மா, ரேடியோ அலையை நிரூபிச்ச ஹைன்ரிக் ஹெர்ட்ஸோட மகள், மேஜை மேல கறுப்பு உருவங்களைப் பரப்பி, சர்க்கரைத் தண்ணி காட்டி தேனீக்களைப் பழக்கினாங்க. முழு வட்டம், முழு சதுரம், முழு முக்கோணம், இதுக்குள்ள எது எதுன்னு தேனீக்குப் பிரிக்கவே தெரியல, ஆனா வட்டத்துக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறியை வச்சா டக்குனு பிரிச்சிருச்சு! ஏன்னா தேனீ பறந்துக்கிட்டே பாக்குது, விளிம்பு நிறைய இருக்கிற உருவத்து மேல போகும்போது ஒவ்வொரு லென்ஸ்லயும் வெளிச்சம் இருட்டு வெளிச்சம் இருட்டுன்னு அடிக்கடி மாறும், முழு வட்டத்துல அந்தத் துடிப்பு கம்மி. எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு பாருங்க. அவங்களைத்தான் யூத வம்சம்னு சொல்லி நாஜிக்காரங்க விரட்டினாங்க, இங்கிலாந்து போனாங்க, கொஞ்ச வருஷத்துல ஆராய்ச்சியே நின்னு போச்சு, நினைச்சா வயிறு எரியுதுங்க.

அப்புறம் 1990 வாக்குல ஆஸ்திரேலியா கான்பெராவுல, பெங்களூர்ல படிச்ச நம்ம ஸ்ரீநிவாசனும் கூட இருந்தவங்களும் உருவத்தைப் படுக்க வைக்காம செங்குத்தா நிறுத்தினாங்க. கவட்டை மாதிரி ரெண்டா பிரியிற பெட்டி, ஒரு முனையில நெட்டுக்கோடு, இன்னொண்ணுல குறுக்குக்கோடு, ஒரு பக்கம் மட்டும் சர்க்கரைத் தண்ணி. தேனீ படத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிடக் கூடாதுன்னு கோட்டோட தடிமனையும் இடைவெளியையும் மாத்திக்கிட்டே இருந்தாங்க, அப்படியும் முன்ன பின்ன பாத்திராத புதுப் படத்துல கூட கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து சரியான முனைக்குப் போச்சு. மேஜை மேல வச்சா தேனீ எந்தத் திசையில இருந்து வேணும்னாலும் வரும், அது கண்ணுக்குப் படம் சுத்திக்கிட்டே இருக்கும், சுவர்ல நிறுத்தினா மேல இருக்கிறது எப்பவும் மேலதானே இருக்கு.