செட்டில் – கார்லைல் பாதையும் நானும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"நம்மை ஆண்ட பிரிட்டிஷ்காரனோட ரயில் மேல உங்களுக்கு என்ன சார் இவ்வளவு மோகம்?" என்று என்னைக் கேட்காத நண்பர் கிடையாது. நியாயமான கேள்விதான். இங்கே ரயில் போட்ட கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குறைந்ததை நம் வரிப்பணத்தில் ஈடுகட்டிய ஆட்சி அது. அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. நான் பேச வந்தது லண்டன் டைரக்டர்களைப் பற்றி அல்ல, வட இங்கிலாந்தில் ஒரு ரயில் பாதையைக் காப்பாற்றிய அந்த ஊர்ச் சாதாரண ஜனங்களைப் பற்றி.

என் பைத்தியம் எஞ்சினில்தான் ஆரம்பித்தது. 1938இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் என்ற நீராவி எஞ்சினின் படத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும். நூலகத்தில் கிடைத்த ரயில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணால் காணாத ஊர்களுக்கெல்லாம் வண்டி மாறி மாறிப் போவேன். தூரத்திலிருந்து நேசிப்பதில் ஒரு வசதி, வண்டி தாமதமே ஆகாது!

ஆனால் நான் படித்தது பழைய வரைபடம். 1963இல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் தந்த அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. 1960இல் ஸ்விண்டன் பட்டறையில் பிரிட்டிஷ் ரயில்வே கடைசியாகக் கட்டிய நீராவி எஞ்சினுக்கு 'ஈவினிங் ஸ்டார்' என்று பெயர் சூட்டி விழா எடுத்தார்கள். ஐந்தே வருஷத்தில் அதை ஓரங்கட்டினார்கள். 1968 ஆகஸ்டில் மெயின் லைனில் நீராவியே நின்றுபோனது. அப்புறம் அந்த ஊர் ரசிகர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே வந்தார்கள் தெரியுமா? இந்தியாவுக்கு. நான் அங்கே பார்த்து ஏங்க, அவர்கள் இங்கே வந்து புகையைப் படம் பிடித்தார்கள்.

அந்த வட இங்கிலாந்துப் பாதைக்கு, செட்டில் – கார்லைலுக்கு, வருகிறேன். மிட்லண்ட் ரயில் கம்பெனிக்கு ஸ்காட்லாந்து போகச் சொந்த வழி இல்லை. போட்டிக் கம்பெனியின் பாதையை நம்பியிருந்தது, அவமானப்பட்டது. ரோஷத்தில், பென்னைன் மலைகளின் ஊடே 72 மைல் தனிப்பாதைக்குச் சட்ட அனுமதி வாங்கியது. பிறகு இரு கம்பெனிகளும் ராசியாகிவிட்டன. "பாதை வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று போனால் நாடாளுமன்றம் விடவில்லை. போட்டே ஆகவேண்டியதாயிற்று! 1876இல் பயணிகள் வண்டி ஓடியது. அந்தப் பாதையில் உள்ள ரிபில்ஹெட் பாலத்துக்கு 24 வளைவுகள், நூறடிக்கு மேல் உயரம். சதுப்பு நிலத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த கூலியாட்கள் விபத்திலும் அம்மை நோயிலும் செத்தார்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தானே, ஐயா.

1983 வாக்கில் அதே பாலத்தைக் காட்டி, ரிப்பேர் செலவு கட்டாது, பாதையை மூடலாம் என்றது பிரிட்டிஷ் ரயில். அந்த ஊர்ச் சட்டப்படி பயணிகள் ஆட்சேபம் சொல்லலாம். இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தன. அதில் ஒன்று கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தைச் சேர்ந்த ஒரு நாயினுடையது. கையெழுத்துக்குப் பதில் கால்தடம்! டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த பிராணி என்பதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ரான் காட்டன். மூடுவிழாவைப் பார்த்துக்கொள்ள ரயில்வே அனுப்பிய அதிகாரி. மனிதர் என்ன செய்தார்? கட்டணத்தைக் குறைத்தார், விளம்பரம் செய்தார், மூடிக்கிடந்த சிறு நிலையங்களைத் திறக்க வைத்தார். கூட்டம் பெருகிவிட்டது. ஓடாத பாதை என்று சொல்லி மூட வழியில்லாமல் போயிற்று. 1989 ஏப்ரலில் அரசு கைவிட்டது... பாதையை அல்ல, மூடும் யோசனையை. அந்த முடிவில் பங்கிருந்த அமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ, பிற்காலத்தில் ரயிலேறி ஊர் சுற்றும் தொலைக்காட்சித் தொடர்களால் உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். அரசியலில் இருந்ததைவிட அதில் நன்றாக இருக்கிறார் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அங்கே போகும் யோசனை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். லீட்ஸில் ஏறுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் பாலத்தின் அழகு தெரியாது, ரிபில்ஹெட்டில் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். கார்ஸ்டேல் நிலையத்தில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு இறங்குங்கள், அடிக்கடி கிடையாது. கம்பளியும் கொண்டு போங்கள், அந்த மேட்டுக் காற்று ஆளைத் தூக்கும். மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.