மலை சரிந்ததால் பிழைத்த ஊர்: ரோக்ஃபோர்

[காட்சி: செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அதன் அடிவாரத்தை ஒட்டி வரிசையாக வீடுகள்.]

தெற்கு பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில் இருக்கிறது ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் இங்கே முதிரும் நீலப் பூஞ்சைச் சீஸுக்கும் ரோக்ஃபோர் என்றே பெயர். சீஸ் பிரியர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், நாக்கில் நீர் ஊறும். இத்தனைக்கும் காரணம், ஊருக்குப் பின்னால் நிற்கும் கொம்பாலூ மலை என்றோ ஒரு காலத்தில் சரிந்து விழுந்ததுதான்.

[காட்சி: நிலவறை. பாறை வெடிப்பின் வாயில் சிறிய மரக்கதவு.]

சரிந்த பாறைகளுக்கு நடுவே நீண்ட வெடிப்புகள் விழுந்தன. ஃப்ளூரின் என்பது அவற்றின் பெயர். வெளியே வெயில் கொளுத்தினாலும் இந்த வெடிப்புகள் வழியே குளிர்ந்த ஈரக்காற்று, சீஸ் முதிரும் நிலவறைக்குள் வந்துகொண்டே இருக்கும். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரிதான். காற்று அதிகமானால் கதவைச் சாத்துவார்கள், குறைந்தால் திறப்பார்கள்.

காதலியைத் துரத்திக்கொண்டு ஓடிய இடையன் ஒருவன், குகையில் மறந்து வைத்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பூஞ்சை பூத்து இந்தச் சீஸ் பிறந்தது என்பார்கள். நம்புவது உங்கள் பாடு. ஆனால் ரொட்டி மட்டும் கட்டுக்கதை இல்லை. கோதுமைக்கு உறவான ரை தானிய ரொட்டியைக் குகையில் வைத்துப் பூஞ்சை பிடிக்கவிட்டு, பொடித்துச் சீஸில் சேர்ப்பதே பழைய முறை.

[காட்சி: ஓக் மரப் பலகைகளில் வெள்ளைச் சீஸ் வட்டுகள்.]

பால், லக்கோன் இனச் செம்மறியாட்டின் காய்ச்சாத பால். உப்புத் தடவிய வட்டுகளில் ஊசிகளால் துளையிடுவார்கள். காற்றில்லாவிட்டால் பூஞ்சை வளராது. அந்தத் துளைகளின் வழியேதான் நீலப்பச்சை நரம்புகள் ஓடுகின்றன. பிறகு வெள்ளீயத் தகட்டுத் தாளில் சுற்றி, குளிரில் மெதுவாக முதிர விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் கபானியேர் எனப்படும் பெண்கள்.

1411இல் மன்னர் ஆறாம் சார்லஸ், இங்கே சீஸ் முதிரவைக்கும் உரிமையை இந்த ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். 1925இல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கொம்பாலூ நிலவறையில் முதிராத சீஸை ரோக்ஃபோர் என்று விற்க முடியாது.

[காட்சி: லார்ஸாக் மேட்டுநிலம், மேயும் ஆடுகள்.]

1999இல் வந்தது வில்லங்கம். ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா தடை போட்டதற்குப் பதிலடியாக, அமெரிக்கா ரோக்ஃபோர் மீது 100 சதவீத வரி விதித்தது. மாட்டுத் தகராறில் ஆடு மாட்டிக்கொண்டது! கொதித்துப்போன விவசாயிகள், அருகிலுள்ள மியோ நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப் போட்டார்கள். முன்னின்ற ஜோசே போவே, லார்ஸாக்கில் ஆடு வளர்ப்பவர். அதற்காகச் சிறைக்கும் போனார்.

நிலவறைகளைப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கலாம். ஆகஸ்டில் போனாலும் ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.