சிலிக்கன் தெரிந்தால் செரமிக் ஆகிவிடாது

நேயர்களுக்கு வணக்கம். தோய்த்தெடுத்த உளியைக் கொல்லன் துலக்கி மறுபடி அனலில் காட்டும்போது, 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் ஏறும். 300ஐ நெருங்க நீலம். அது சாயமல்ல, சில பத்து நனோமீற்றர் தடிப்பில் படர்ந்த இரும்பு ஒட்சைட்டு. உருக்கின்மேல் வளர்ந்த செரமிக் படலத்தை வெறுங்கண்ணாலேயே காட்டும் நிறம் அது.

எஞ்சின் ஒயிலில் கலக்கும் சில மருந்துகளும் செரமிக் படலம் கட்டும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. வன்னியில் ஓடிய உழவு இயந்திரத்தின் பிஸ்டன் பின்னை (பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் உருக்கு ஊசியை) இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால் சிலிக்கன் தெரியக்கூடும். உடனே அதைச் செரமிக் படலமென்று நம்பிவிட வேண்டாம். காய்ந்த வயலை உழும்போது எயார் பில்டரைத் தாண்டும் புழுதியிலும் சிலிக்கன், ஒயிலின் நுரையை அடக்கும் சேர்க்கையிலும் சிலிக்கன், உருக்கிலேயே சிறிதளவு சிலிக்கன். எல்லாவற்றிலும் பொல்லாதது சாண்ட் பேப்பர். பலவற்றில் அதன் மணி சிலிக்கன் காபைட்டு. மினுக்கும்போது உருக்கில் குத்திக்கொண்டு நின்றுவிடும். சிதறிய மணிகளாகத் தெரிந்தால் சந்தேகியுங்கள். படலமென்றால் தொடர்ச்சியாக ஓடவேண்டும்.

சோதிக்கும் பிஸ்டன் பின்னைத் துணியால் துடைக்கக் கூடாது. எப்டேன் என்ற ஒயில் கரைக்கும் திரவத்தில் அமிழ்த்திக் கழுவி உலரவிடுங்கள். படலத்தின் தடிப்பைப் பக்கவாட்டில் பார்க்கப் பின்னைக் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டுமுன் நிக்கல் முலாம் பூசுங்கள். இல்லாவிட்டால் மினுக்கையில் விளிம்பு உருண்டு, பார்க்கவந்த படலமே உதிர்ந்துபோகும். மின்முலாம்தான் நல்லது. மின்சாரமின்றிப் பூசும் நிக்கலில் பெரும்பாலும் பொசுபரசு கலந்திருக்கும். சாதாரண ஒயில் கட்டும் படலமே பொசுபேற்றுக் கண்ணாடி என்பதால், எது எதனுடையது என்று பிரிக்க முடியாமற் போகும். பிறகு வைரத் தகட்டால் மெல்ல வெட்டி, பிசினில் பதித்து, வைரப் பசையால் 1 மைக்கிரோமீற்றர் வரை மினுக்குங்கள்.

இலத்திரன் பட்டதும் ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய சக்தியில் எக்ஸ் கதிர் விடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் எது இருக்கிறதென்று அறிகிறோம். 20 கிலோவோற்றில் இலத்திரன்கள் இரும்புக்குள் ஒரு மைக்கிரோமீற்றருக்கு மேல் பரவும். 100 நனோமீற்றர் படலம் அதில் பத்திலொன்றுகூட இல்லை, இரும்புதான் பேசும். 5 கிலோவோற்றுக்கு இறக்குங்கள். அப்போது இரும்பின் 6.4 கிலோ இலத்திரன்வோற்றுக் கோடு எழும்பாது, 0.7இல் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். படலம் மின்னைக் கடத்தாததால் ஏற்றம் தேங்கி, படம் வெளுத்து நகரும். அதற்குப் பிளாற்றினம் பூசுவது வழக்கம். ஆனால் பிளாற்றினக் கோடு 2.05, பொசுபரசு 2.01, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காபன் பூசுங்கள்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமானால், கலியம் அயன் கற்றையால் 100 நனோமீற்றருக்கும் மெல்லிய சீவலெடுத்து இலத்திரன்களைச் சீவலினூடே செலுத்திப் படமெடுக்கும் ஊடுகடத்தும் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். சீவலைத் தாங்கும் வலை செப்பென்றால் செப்புக் கோடு வந்தே தீரும். மொலிப்டினம் வலைக்கு மாறினாலோ அதன் கோடு ஒயிலின் கந்தகத்தை மறைத்துவிடும். செப்பையே வைத்துக்கொண்டு, செப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள்.