கப்பல் கம்பெனி வாரிசு, கை நிறைய அச்சு மை! யார் இந்த நான்சி குனார்ட்?

வணக்கம் மக்களே! டைட்டானிக் மூழ்கின ராத்திரி, படகுல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தின கப்பல் பேரு கார்பேத்தியா. அது குனார்ட் கம்பெனிக் கப்பல். அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவரோட கொள்ளுப்பேத்திதான் நான்சி குனார்ட்.

1896ல இங்கிலாந்துல பிறந்தாங்க. அப்பா 'சர்' பட்டம் வச்சிருந்தவர், அம்மா அமெரிக்கப் பணக்காரி. மாளிகை, விருந்து, நிலைக்காத ஒரு கல்யாணம். 1920ல பாரிஸ். பின்னணி அவ்வளவுதான்!

(திரையில்: 1926ல புகைப்படக் கலைஞர் மான் ரே எடுத்த நான்சியோட படம்)

அந்தக் கையைப் பாருங்க. மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் ஆப்பிரிக்க வளையல். உலகமே இந்த வளையலைப் பத்தித்தான் பேசுச்சு. எனக்கு அந்தக் கை பாத்த வேலைதான் பெருசாத் தெரியுது.

1928ல நார்மண்டி பக்கம் ரேயான்வில்ங்குற கிராமத்துல ஒரு பழைய கை அச்சு மெஷினை வாங்கிப் போட்டு, அவர்ஸ் பிரஸ்ங்குற பதிப்பகத்தை ஆரம்பிச்சாங்க. முதலாளியம்மாவா உக்காந்து வேலை வாங்கல. தானே அச்சுக் கோத்தாங்க. ஒவ்வொரு ஈய எழுத்தா எடுத்து, இடம் வலம் மாறித் தெரியுற எழுத்தை வரிசையா அடுக்கணும். ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும்.

1930ல பிரஸ் பாரிஸுக்கு வந்தாச்சு. காலத்தைப் பத்தி நூறு வரிக்குள்ள கவிதை, பரிசு பத்து பவுண்டுன்னு போட்டி வச்சாங்க. வந்த எதுவும் மனசுக்குப் பிடிக்கல. கடைசி நாள் ராத்திரி, யாருக்கும் தெரியாத ஒரு ஐரிஷ் பையன் உக்காந்து 98 வரி எழுதி, விடியுறதுக்குள்ள கதவுக்கு அடியில சொருகிட்டுப் போறான். அவன்தான் சாமுவேல் பெக்கெட்! தனி நூலா வந்த அவரோட முதல் படைப்பு அது. 1969ல அவருக்கு நோபல். இதைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு மக்களே.

ஹென்றி கிரௌடர்ங்குற கறுப்பின ஜாஸ் கலைஞரோட நான்சி வாழ்ந்தது அம்மாவுக்குப் பிடிக்கல. மகளுக்கு அனுப்புற பணத்தைக் குறைச்சாங்க. நான்சி 1931ல அம்மாவோட நிறவெறியைக் கிழிச்சு ஒரு சிறு நூலே அச்சடிச்சு, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டாங்க.

அடுத்த வருஷம் நியூயார்க்ல கறுப்பின மக்கள் அதிகமா வாழ்ந்த ஹார்லம் பகுதிக்குப் போனப்போ பத்திரிகைங்க இஷ்டத்துக்குப் பொய் எழுதுச்சு. விடுவாங்களா? அவதூறு வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினாங்க. அந்தப் பணத்தைப் போட்டு வந்ததுதான் கறுப்பின மக்களோட வரலாறு, கவிதை, இசை எல்லாத்தையும் சேர்த்த தொகுப்பு. 1934ல, 855 பக்கம்!

உங்க வீட்டுல கையால அச்சுக் கோத்த தாத்தா, அப்பா யாராவது இருந்தா, அவங்க கதையை கமெண்ட்ல எழுதுங்க. ஒண்ணு விடாம படிப்பேன்.